விண்வெளி வாயிலில் ஒரு லோடு கப்பல்



விண்வெளிக் கதை என்றாலே நமக்கு லேசர் துப்பாக்கியும் வெடிக்கிற கப்பலும்தான் ஞாபகம் வரும். அந்தக் கப்பலுக்கு எரிபொருள் யார் கொண்டுவந்து போட்டார்கள், கேப்டனுக்குச் சாப்பாடு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டிருக்கிறோமா? இதையே முக்கியமாக எடுத்துக்கொண்ட ஒரு கணினி விளையாட்டு உண்டு. பெயர் 'எக்ஸ்'. ஜெர்மனியின் ஈகோசாஃப்ட் நிறுவனம் 1999-ல் முதல் பாகத்தை வெளியிட்டது. நான் சொல்லப்போவது 2005-ல் வந்த மூன்றாம் பாகமான 'எக்ஸ் 3: ரீயூனியன்' பற்றி. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும் என்பதால் நான் விளையாடுவது இதைத்தான்.

இந்த விளையாட்டில் விண்வெளி பல செக்டார்களாகப் பிரிந்து கிடக்கும். ஒரு செக்டாரிலிருந்து அடுத்ததற்குப் போக ஓரங்களில் பெரிய வாயில்கள் இருக்கும். ஒரு வாயிலுக்குள் நுழைந்தால், இன்னொரு செக்டாரின் வாயில் வழியாக வெளியே வந்துவிடலாம். நடுவில் உள்ள தூரம் போயே போச்சு!

"அப்படீன்னா சரக்கு அனுப்புறதுல என்ன கஷ்டம் இருக்கு?" என்று கேட்பீர்கள். இங்கேதான் விஷயமே இருக்கு. வாயிலைத் தாண்ட நேரம் ஆகாது. ஆனால் செக்டாருக்குள் ஒரு வாயிலிலிருந்து மறு வாயில் வரை கப்பல் பறந்துதான் போகணும். பிறகு நிலையத்தில் போய் ஒட்டணும், லோடு ஏற்றணும், திரும்பணும். நேரம் முழுக்க இதிலேயே போகிறது.

சரக்கு ஓட்டுவதை நாம் கூடவே இருந்து செய்ய வேண்டியதில்லை. நம் ஆலைக்கு ஒரு கப்பலை வாங்கி, 'இதுதான் உன் வீடு' என்று சொல்லி, வாங்குகிற வேலையை ஒப்படைத்துவிடலாம். ஆலையில் இரண்டு எண்களைக் குறித்து வைக்கணும். அதிகபட்சம் என்ன விலைக்கு வாங்கலாம், எத்தனை செக்டார் தூரம் போகலாம். மற்றதைக் கப்பல் தானே பார்த்துக்கொள்ளும்.

இப்போது ஒரு வட்டத்தைப் பாருங்கள்:

சூரிய மின் நிலையம் → மின்கலம் → சிலிக்கான் சுரங்கம் → சிலிக்கான் → படிக ஆலை → படிகம் → மறுபடியும் சூரிய மின் நிலையம்!

படிக ஆலைக்குச் சிலிக்கான் மட்டும் போதாது, மின்கலமும் உணவும் வேண்டும். அதாவது மின்சாரம் தயாரிக்கப் படிகம் வேண்டும், படிகம் தயாரிக்க மின்சாரம் வேண்டும். கோழி முதலா முட்டை முதலா கதைதான். எங்காவது ஒரு இடத்தில் லோடு வராமல் நின்றால், கொஞ்ச நேரத்தில் வட்டம் மொத்தமும் படுத்துவிடும்.

சரி, ஒரு கணக்குப் போடுவோம். (எண்கள் நானே எடுத்துக்கொண்டவை.) ஒரு படிக ஆலைக்கு மணிக்கு 900 மின்கலம் தேவை. கப்பல் 3,000 ஏற்றும். போய்வர 50 நிமிடம். 900-ஐ 60-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 15. கப்பல் போய் வருவதற்குள் ஆலை 15 × 50 = 750 மின்கலத்தைத் தின்றுவிடும். ஆகவே கையிருப்பு 750-க்குக் கீழே போகும் முன்பே கப்பல் கிளம்பியாகணும். வணிகவியல் படிக்கிற அண்ணன்மாரைக் கேளுங்கள், இதற்கு 'மறு ஆணை நிலை' என்று பெயர் சொல்வார்கள்.

இந்த விளையாட்டில் ஜம்ப் டிரைவ் என்று ஒரு கருவியும் உண்டு. அதைப் பொருத்தினால் கப்பல் வழியில் உள்ள செக்டார்களை விட்டுவிட்டு, நேராகப் போக வேண்டிய செக்டாரின் வாயிலுக்கே தாவிவிடும். ஆனால் அது எரிப்பதும் மின்கலத்தைத்தான்! போய்வர 20 நிமிடம், எரிபொருள் 600 என்று வையுங்கள். 3,000 ஏற்றினால் ஆலைக்குக் கிடைப்பது 2,400. ஒரு மின்கலத்தின் சராசரி விலை 16 கிரெடிட், ஆக ஒரு நடைக்கு 9,600 கிரெடிட் புகையாகப் போகிறது. லாபம் என்னவென்றால், 750-க்குப் பதில் 15 × 20 = 300 கையிருப்பே போதும். மின்கலம் மாதிரி மலிவான சரக்குக்கு இது வீண் செலவு என்பது என் கருத்து. விலை கூடிய சரக்குக்கும், எதிரி ஸெனான் கப்பல்கள் சுற்றுகிற செக்டார் நடுவில் வரும்போதும் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தலாம்.

விலை விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. இந்த விளையாட்டில் சரக்கு நிறைய இருந்தால் விலை இறங்கும், தட்டுப்பாடு வந்தால் ஏறும். சல்லிசாக வாங்கணும் என்று உச்ச விலையை 13 என்று போட்டுவைத்தால், மலிவு காலத்தில் எல்லாம் ஜோராக நடக்கும். தட்டுப்பாடு வந்து விலை 18 ஆனதும் கப்பல் 'வாங்க முடியாது' என்று சும்மா நிற்கும். அதாவது எப்போது சரக்கு அவசியமோ அப்போதுதான் அது வேலைநிறுத்தம் செய்யும்! அதனால் நான் விலையைக் கொஞ்சம் தாராளமாகவே வைப்பேன். ஆலை ஒரு மணி நேரம் மூடிக்கிடப்பதைவிட இரண்டு கிரெடிட் கூடக் கொடுப்பது மேல்.

வாயில்களுக்கும் ஒரு குறை உண்டு. எல்லாரும் அதே வழியாகத்தான் வரணும். பெரிய கப்பல் ஒன்று வாயிலில் வந்து நின்றால் பின்னால் வருவது எல்லாம் தவிக்கும். இது விளையாட்டில் மட்டும் நடப்பதல்ல. 2021 மார்ச் 23 அன்று 400 மீட்டர் நீளமுள்ள 'எவர் கிவன்' கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கியது. மார்ச் 29-ல் மீட்கும் வரை நூற்றுக்கணக்கான கப்பல்கள் இருபுறமும் காத்துக் கிடந்தன.

2013-ல் வந்த 'எக்ஸ்: ரீபர்த்' கதையில் வாயில்கள் செயலிழந்து, ஒவ்வொரு பகுதியும் தனித்தீவாகிவிடும். 2018-ல் வந்த 'எக்ஸ் 4'-ல் வாயில்கள் வழியாக மீண்டும் இணைப்பு உண்டு. மேலே உள்ள வட்டத்தை மறுபடி பாருங்கள். சுரங்கம் ஒரு பக்கம், மின் நிலையம் மறு பக்கம் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்?

இனி உங்களுக்கு ஒரு கேள்வி. ஜம்ப் டிரைவ் இல்லாத அதே ஆலை. கையிருப்பு 1,200. கப்பல் இப்போதே கிளம்புகிறது, ஆனால் வழியில் ஒரு வாயில் அடைபட்டதால் 45 நிமிடம் தாமதம். ஆலை நிற்குமா? நின்றால் எத்தனை நிமிடம்? விடையைப் பெயர், வகுப்போடு எழுதிப் பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்கள்.