கெண்டிச் செடி கருகினால்

சிங்கராஜா போன்ற ஈரக்காடுகளில் வளரும் இலங்கைக்கே உரிய கெண்டிச் செடியை (சிங்களத்தில் 'பாந்துரா') அல்லைப்பிட்டியில் பூச்சாடியில் வளர்ப்பவர்கள் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகிக்க வேண்டும். இலை நுனி கருகி, மண்மேல் வெள்ளை படிந்தால் அது பெரும்பாலும் கிணற்று நீரின் உவர். மாரி மழையைப் பரலில் பிடித்து வைத்து அதையே ஊற்றுங்கள். தும்பிலும் உப்பு இருக்கும். மழைநீரில் பலமுறை அலசிய பிறகே சாடியில் போடுங்கள்.

இலை பச்சையாக இருந்தும் கெண்டி விடவில்லையா? சோளகக் காற்று ஈரப்பதத்தை உறிஞ்சியிருக்கும். காற்று மறைவான, வெளிச்சமுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். சாடியில் பசளை வேண்டவே வேண்டாம்.

முதிய கெண்டி காய்வது இயல்பு. செடியே வாடினால் வேரைப் பாருங்கள். நல்ல வேரும் கறுப்புத்தான், நிறம் கண்டு பயப்படாதீர்கள். நசுங்கி நாறினால்தான் அழுகல்.