பேறுகாலப் பாடம்: கனத்த உடலும் தூரத்து ஆஸ்பத்திரியும்



இது பெண்மக்கள் விஷயமாயிற்றே, மளிகைக் கடைக்காரன் இதில் என்ன எழுதப் போகிறான் என்று தங்களில் சிலர் எண்ணக்கூடும். பிரசவம் எங்கே என்ற முடிவை நம் வீடுகளில் பெரும்பாலும் ஆண்களே எடுக்கிறோம். அதுவும் கடல் கடந்து, கல்லாப்பெட்டியின் முன் அமர்ந்து, டெலிபோன் மூலம் எடுக்கிறோம். ஆதலால் இந்தப் பாடம் முதலில் நமக்கே உரியது.

என் சொந்த அனுபவத்தைச் சொல்லித் தொடங்குகிறேன். தெம்பனிஸில் நான் கடை வைத்த புதிது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கப்படி மனைவியைத் தென்காசிச் சீமையிலுள்ள ஊருக்கு அனுப்பியிருந்தேன். அவள் சற்றுக் கனத்த உடம்புக்காரி. ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரி. அங்கே எடை பார்த்த அம்மாள், பத்துப் பேர் முன்னிலையில், "இப்படித் தின்றால் எப்படிப் பிள்ளை பெறுவாய்?" என்று கேட்டுவிட்டாராம். வெட்கத்தால் அவள் அடுத்த இரண்டு தடவை அங்கே போகவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. நானோ டெலிபோனில் "சாப்பிட்டாயா? பணம் வந்ததா?" என்பதற்கு மேல் கேட்டதில்லை.

எட்டாம் மாதம் ஓர் இரவு கடுமையான தலைவலி; கண் மங்கல்; முகத்தில் வீக்கம். அந்த ஆஸ்பத்திரியில் இரவு டாக்டர் இல்லை. கார் கிடைக்க ஒரு மணி நேரமாயிற்று. பெரிய ஆஸ்பத்திரி சேர்ந்தபோது இரத்த அழுத்தம் மிகுந்திருந்ததால் உடனே அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள். அல்ஹம்து லில்லாஹ், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். "இங்கே இரவில் ஆபரேஷன் செய்ய முடியுமா?" என்ற ஒரு கேள்வியை நான் முன்னமே கேட்டிருந்தால் அந்த ஒரு மணி நேரம் வீணாகியிராது. பிறரைக் குறை கூறுமுன் என்னைத்தான் குறை கூறிக்கொள்கிறேன். அதற்குப் பின் டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைக் கீழே தருகிறேன்.

1. எடையை அறிதல்

கிலோக் கணக்கிலுள்ள எடையை, மீட்டர் கணக்கிலுள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். 78 கிலோ எடையும் 1.55 மீட்டர் உயரமும் உள்ள பெண்ணுக்கு விடை ஏறக்குறைய 32.5. உலகக் கணக்கில் 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் உடற்பருமன். நம் போன்ற ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வியாதியும் இருதய வியாதியும் வருவதால், சிங்கப்பூரில் 23ஐத் தாண்டினாலே எச்சரிக்கை; 27.5ஐத் தொட்டால் ஆபத்து அதிகம் என்று வைத்திருக்கிறார்கள். கர்ப்பத்துக்கு முன்னோ, முதல் மூன்று மாதத்துக்குள்ளோ உள்ள எடையைக் கொண்டே இதைக் கணக்கிட வேண்டும்.

2. ஆபத்து யாது?

கனத்த உடம்புள்ள தாய்மார்களில் பலர் சுகமாகவே பிள்ளை பெறுகிறார்கள். எனினும் அவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை, இரத்த அழுத்தம், பெரிய பிள்ளை, ஆபரேஷன், பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு, காலில் இரத்தக்கட்டு ஆகியவை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். மயக்க மருந்து கொடுப்பதும் சிறிது கடினம். ஆகவேதான் கைதேர்ந்தவர்கள் உள்ள இடம் வேண்டும்.

கர்ப்ப காலத்தில் பட்டினி கிடந்து எடை குறைக்கலாகாது. 30க்கு மேற்பட்டவர்கள் பேறுகாலம் முழுவதற்குமாக 5 முதல் 9 கிலோ வரை கூடினால் போதும் என்று 2009இல் அமெரிக்க மருத்துவ அறிஞர் குழு வகுத்தது. "இருவருக்காகச் சாப்பிடு" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் நெய்ச்சோற்றை அள்ளி வைப்பதை அன்போடு தடுக்க வேண்டும்.

சர்க்கரைப் பரிசோதனையை 24 முதல் 28 வாரத்துக்குள் எல்லாருக்கும் செய்கிறார்கள். கனத்தவர்கள் முதல் தடவையிலேயே ஒரு முறை கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை டாக்டர் வீ. சேஷய்யா அவர்கள் முயற்சியால் எளிய முறை பரவியது. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் பார்ப்பார்கள். 140ஐத் தொட்டால் சர்க்கரை உண்டு. வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை என்பதால் தூரத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண்களுக்கு மிகவும் வசதி.

இன்னொன்று. இரத்த அழுத்தம் பார்க்கும்போது கையில் சுற்றும் பட்டை, பருத்த கைக்குச் சிறிதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். தராசு சரியில்லாமல் சரக்கு நிறுக்கலாமா? "பெரிய பட்டை இருக்கிறதா?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

3. தூரத்தை நேரத்தால் அளத்தல்

இன்று அடுக்குமாடி நகரமாக விளங்கும் தெம்பனிஸ், ஒரு காலத்தில் கம்பங்களும் மணற்குழிகளுமாக இருந்த ஒதுக்குப்புறம். கம்பத்துப் பெண்கள் மருத்துவச்சியை நம்பி வீட்டிலே பெற்றார்கள். பிரசவம் சிக்கலானால் தேக்கா பக்கம் உள்ள கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரிதான் கதி. 1924 முதல் பேறுகால ஆஸ்பத்திரியாக நடந்த அவ்விடத்தில் 1966ஆம் ஆண்டு மட்டும் 39,835 பிள்ளைகள் பிறந்தன. 1997இல் புதிய கட்டடத்துக்கு வந்த அதே கே.கே. ஆஸ்பத்திரிக்கு இன்று விரைவுச்சாலையில் சீக்கிரம் போய்விடுகிறோம்.

நம் ஊர்களின் நிலை வேறு. கடையநல்லூரிலிருந்து தென்காசி அரசு ஆஸ்பத்திரி சுமார் 17 கிலோமீட்டர். தென்காசியிலிருந்து திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மேலும் 50 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே எந்த இடத்தையும் ஒப்புக்கொள்ளுமுன் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று: இரவு பகல் எந்நேரமும் ஆபரேஷன் செய்ய முடியுமா?
இரண்டு: மயக்க மருந்து டாக்டர் உடனே வருவாரா?
மூன்று: இரத்தம் இருப்பில் உண்டா?
நான்கு: பச்சிளம் பிள்ளைக்குத் தனிச் சிகிச்சைப் பிரிவு உண்டா?
ஐந்து: வீட்டிலிருந்து நள்ளிரவில் அங்கே சேர எத்தனை நிமிஷம்?

தமிழ்நாட்டு அரசுப் பெரிய ஆஸ்பத்திரிகளில் "சீமாங்க்" மையம் என்ற பெயரில் முதல் நான்குக்கும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பளபளப்பான கட்டடத்தையும் ஏ.சி. அறையையும் பார்த்து இடம் தேர்ந்தெடுப்பது, சீட்டைப் பார்த்துச் சரக்கு வாங்குவதை ஒக்கும். மாதாந்தரப் பரிசோதனைக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் போதும். பிரசவத்துக்குப் பெரிய இடத்தில் முன்னமே பெயர் பதிய வேண்டும். கடைசி இரண்டு மூன்று வாரம் அந்த நகரத்து உறவினர் வீட்டில் தங்கச் செய்வது மெத்த நல்லது.

4. இங்கேயா, ஊரிலா?

நீண்டகாலப் பாஸில் இருக்கும் மனைவிக்கு இங்கே செலவு மிகுதி என்பது உண்மையே. ஆனால் அச்செலவை ஐந்து கேள்விகளின் விடையோடு சேர்த்து எடைபோடுங்கள். முடிவைத் தள்ளிப்போடவும் இயலாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 28 வாரம் கடந்த கர்ப்பிணியிடம் டாக்டர் சான்று கேட்கும்; 36 வாரத்துக்குப் பின் ஏற்றாது. ஆகவே ஆறாம் மாதத்துக்குள் தீர்மானித்துவிட வேண்டும். பயணத்தில் அவ்வப்போது எழுந்து நடக்கட்டும்; இரத்தக்கட்டு வராதிருக்க அது உதவும்.

பெண் டாக்டர்தான் வேண்டும் என்போர் முன்னமே கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளலாம். உயிர் காக்கும் நிர்ப்பந்தம் வந்தால் ஆண் டாக்டரை மார்க்கம் தடுக்கவில்லை என்பதை ஆலிம்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் வாசலில் நின்று வாதாட வேண்டாம்.

5. கணவன் கடமை

கடுந்தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம், இரத்தப்போக்கு, நீர் உடைதல், பிள்ளையின் அசைவு குறைதல் ஆகிய ஏழில் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இதை எழுதி ஊர் வீட்டுச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் 108 என்ற எண்ணையும், அழைத்தால் வரக்கூடிய ஒரு கார்க்காரர் எண்ணையும் எழுதுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் மனைவி உடம்பின் கனத்துக்காக அவமானப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏசினால் எடை குறையாது. பரிசோதனைக்குப் போவதுதான் நின்றுபோகும். டெலிபோனில் இனி, "டாக்டர் என்ன சொன்னார்? அழுத்தம் எவ்வளவு? அங்கே யாரேனும் உன் மனம் நோகப் பேசினார்களா?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். நான் கேட்கத் தவறியது அதைத்தான்.

எல்லார் வீட்டிலும் தாயும் சேயும் சலாமத்தாக இருக்க வல்ல நாயன் அருள் புரிவானாக. ஆமீன்.