பெறாமகளுக்கு வீடு சேர என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: ஆரையம்பதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். வயது 67. கலியாணம் கட்டவில்லை. அம்மா உறுதி முடித்துத் தந்த வீடும், படுவான்கரையில் இரண்டு ஏக்கர் பெர்மிட் வயலும் இருக்கின்றன. பெற்றோர் இல்லை. அக்கா இருக்கிறா. தம்பி காலமாகிவிட்டார், அவருடைய பிள்ளைகள் கனடாவில். என்னைப் பார்ப்பது அக்காவின் மகள்தான். எனக்குப் பின் எல்லாம் அவளுக்கே சேர வேண்டுமென்று அவள் பெயருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்திருக்கிறேன். போதுமா?

பதில்: போதாது, ரீச்சர். அற்றோணித் தத்துவம் நீங்கள் உயிரோடு இருக்கும்வரைதான். கண் மூடிய அன்றே அது செத்துப்போகும். அதைக் காட்டி ஒரு பிடி மண்ணையும் மாற்ற முடியாது.

எதுவும் எழுதி வைக்காவிட்டால் வீடு யாருக்கு? தேசவழமை யாழ்ப்பாணத் தமிழருக்குரியது, நமக்கல்ல. மட்டக்களப்பில் ஒருகாலம் முக்குவர் சட்டப்படி முதுசம் பெண்வழியே இறங்கியது. குடிவழி இன்றும் கோயிலில் பேசப்படுகிறது, நீதிமன்றத்தில் எடுபடாது. இப்போது உங்களுக்குப் பொருந்துவது 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க மரபுரிமைக் கட்டளைச் சட்டம். அதன்படி பாதி அக்காவுக்கு, மறுபாதி தம்பியின் பங்காகக் கனடாப் பிள்ளைகளுக்கு. அக்கா இருக்கும்வரை, உங்களுக்குக் கஞ்சி வைத்துத் தருகிற பெறாமகளுக்கு ஓர் ஓடுகூடச் சொந்தமில்லை.

ஆகவே மரணசாதனம் எழுதுங்கள். நமது சட்டத்தில் உங்கள் சொத்தை விரும்பியவருக்கு விடலாம். கூடப்பிறந்தவர்களுக்குக் கட்டாயப் பங்கு கிடையாது. கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் வைப்பது மரணசாதனமாகாது. நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளும் கூட இருக்கும்போதே கையொப்பமிடுங்கள். பெறாமகளோ அவள் கணவரோ சாட்சியாக நிற்கக் கூடாது. நின்றால் அவளுக்கு எழுதியதே பறிபோகலாம். அவளையே நிறைவேற்றுநராக நியமியுங்கள், பிறகு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டியவள் அவள்தானே.

"இப்போதே நன்கொடை உறுதி முடித்துவிடுங்கள்" என்று அயலில் சொல்வார்கள். சீவிய உரித்தை வைத்துக்கொண்டு அப்படிக் கொடுக்கலாம்தான். ஆனால் மீளப்பெற முடியாத நன்கொடையைப் பின்னர் ரத்துச் செய்வதென்றால், 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி, பெற்றவர் பெரும் நன்றிகேடு செய்தார் என்று மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். இந்த வயதில் அந்த அலைச்சல் எதற்கு? மரணசாதனத்தை நினைத்த நேரம் மாற்றலாம். என் வோட்டு அதற்கே.

வயல் கதை வேறு. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் காணிக்கு மரணசாதனத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். பிரதேச செயலகத்தின் மூலம் பின்னுரித்தாளியைப் பெயர்குறித்துப் பதிய வேண்டும், அதுவும் நீங்கள் இருக்கும்போதே. சட்டத்தின் அட்டவணையிலுள்ள உறவினரை மட்டுமே பெயர்குறிக்கலாம்; சகோதரியின் பிள்ளை அதில் அடங்கும். பலர் வீட்டுக்கு எல்லாம் செய்துவிட்டு, வயலை இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வங்கிக் கணக்குக்கும் தனியாகப் பெயர்குறியுங்கள்.

2004 சுனாமியில் கரையோரத்தில் எத்தனையோ வீடுகளின் உறுதிகள் அள்ளுண்டு போயின. உங்களுடையதும் கையில் இல்லையென்றால், முதலில் மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் சான்றுப் பிரதி எடுங்கள். அதோடும் பெர்மிட்டோடும் இந்த மாதமே ஒரு நொத்தாரிசைப் பாருங்கள்.