மூலை அறைக்கும் வைஃபை வேண்டுமா?

ஹாலில் பறக்கும் இணையம் உள்ளறையில் திணறினால், பல கருவிகள் சேர்ந்து ஒரே வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் ‘மெஷ் வைஃபை’ கைகொடுக்கும். சில குறிப்புகள்:

* முதலில் ரவுட்டரை இடம் மாற்றிப் பாருங்கள். டிவிக்குப் பின்னாலும் இரும்பு பீரோ பக்கத்திலும் வேண்டாம். வீட்டின் நடுவில், உயரமான இடமே நல்லது. இதிலேயே பிரச்சினை தீர்ந்தால் செலவு மிச்சம்!

* சிக்னல் எட்டாத அறைக்குள்ளேயே மெஷ்ஷின் துணைக் கருவியை வைக்காதீர்கள். அதற்கே நல்ல சிக்னல் கிடைத்தால்தான் மற்றவற்றுக்குத் தர முடியும். ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் இடையில் வையுங்கள்.

* மாடி வீடுகளில் கான்கிரீட் தளம் சிக்னலைத் தடுக்கும். மாடிப்படிப் பக்கம் கருவியை வைக்கலாம். ரவுட்டரையும் துணைக் கருவியையும் லேன் கேபிளால் இணைத்தால் வேகம் குறையாது.

* மெஷ் வந்ததும் பழைய ரவுட்டரின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் போன் பழைய சிக்னலையே பிடித்துக்கொண்டிருக்கும்.

* ரவுட்டர், துணைக் கருவி இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் உள்ள பிளக்கில் செருகினால், கரண்ட் போனாலும் கவலையில்லை.

* மெஷ் பரப்பைத்தான் கூட்டும். நீங்கள் எடுத்திருக்கும் பிளானின் வேகத்தை அல்ல. ரவுட்டர் அருகிலேயே வேகம் இல்லையென்றால், முதலில் இணைய நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள்.