கிணற்றுப் பாறையை உடைக்க: வெடியா, கெமிக்கலா, பிரேக்கரா?

தாமிரபரணிக் கால்வாய் பாயும் ஊர்களில் பாறையைப் பற்றிப் பெரிதாக யாரும் கவலைப்படுவதில்லை. மானூர், நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் கதையே வேறு. கோடையில் ஊற்று வற்றியதும் கிணற்றை ஆழப்படுத்தும் பேச்சு வந்துவிடும். வெடிக்காரரிடம் முதலில் கேட்பது, “மருந்து நல்லா பவரா இருக்குமாண்ணே?” என்பதுதான். பவர் என்பதில் இரண்டு குணங்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் காசு கொடுத்தால் பாறை உடையும். கூடவே கிணற்றுச் சுவரும் போகும்.

ஒன்று நொறுக்கும் திறன், மற்றொன்று தள்ளும் திறன். சம்மட்டியால் ஓங்கி அடிப்பதற்கும், வெடிப்பில் கடப்பாறையை விட்டு நெம்புவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. அதிர்வலை எவ்வளவு வேகமாகப் பாய்கிறதோ, மருந்து எவ்வளவு அடர்த்தியோ, அதைப் பொறுத்தது நொறுக்கும் திறன். பின்னால் விரியும் வாயு எவ்வளவு என்பதைப் பொறுத்தது தள்ளும் திறன். ஆய்வகத்தில் இரண்டையும் ஈயத்தைக் கொண்டே தனித்தனியாக அளப்பார்கள்: ஈய உருளை எவ்வளவு நசுங்கியது என்பது முதலாவதன் கணக்கு, ஈயக் கட்டிக்குள் குழி எவ்வளவு பெருத்தது என்பது இரண்டாவதன் கணக்கு.

கருமருந்து வெடிக்கிறது என்பதைவிட, வேகமாக எரிகிறது என்று சொல்வதே சரி. நொடிக்குச் சில நூறு மீட்டர்தான். அம்மோனியம் நைட்ரேட் தூள் வகை சுமார் 3,000 முதல் 4,500 மீட்டர். எமல்ஷன் 4,500 முதல் 5,500. ராணுவச் சரக்கான டி.என்.டி. 6,900-ஐத் தொடும், ஆர்.டி.எக்ஸ். 8,700-ஐத் தாண்டும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். எமல்ஷன் வெடிக்கும் கணத்தில், மருந்து வைக்கத் துளைத்த தமர்க் குழிக்குள் எழும் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 70,000 மடங்கு. நம் பக்கத்துக் கருங்கல் நசுங்க 2,000 மடங்கு அளவே போதும். மிஞ்சுவதெல்லாம் குழியை ஒட்டிய கல்லை மாவாக்குவதில் வீணாகிறது. ஆகவே வேகம் கூடினால் வேலை கூடும் என்று கணக்குப் போடாதீர்கள்.

பாறையைப் பார்த்துத்தான் மருந்தை முடிவு செய்ய வேண்டும். வெடிப்பே இல்லாமல், சுத்தியலால் தட்டினால் ‘ணங்’ என்று ஒலிக்கும் கரும்பாறைக்கு நொறுக்கும் திறன் தேவை. சுக்காம்பாறைக்கும் ஏற்கெனவே விரிசல் ஓடிய பாறைக்கும் அது தேவையில்லை. அங்கே வாயு இடுக்கு வழியாகத் தப்பிவிடும், கல் மட்டும் எங்கோ பறக்கும். கிணற்றில் தண்ணீர் நின்றால் தூள் வகை கரைந்து வீணாகும், எமல்ஷன்தான் தாங்கும். இன்றும் ‘ஜெலட்டின் குச்சி’ என்றே கேட்டு வாங்குகிறோம். நைட்ரோகிளிசரின் கலந்த அசல் சரக்குக்கு இந்தியாவில் 2004-லேயே தடை வந்துவிட்டது. இப்போது வருவது ஸ்லர்ரி அல்லது எமல்ஷன்.

வெடிக்காரரின் கைத்திறனை அறிய ஒரு வழி உண்டு. அவர் முன்பு வேலை செய்த கிணற்றில் இறங்கிச் சுவரைப் பாருங்கள். குழாயை நெடுக்காகப் பிளந்ததுபோல் தமரின் பாதித் தடம் அப்படியே நின்றால், ஓரத்தில் மென்மையாக வேலை செய்திருக்கிறார். தடமே இல்லாமல் வெள்ளைப் பொடியும், அதைச் சுற்றி நட்சத்திரம்போல் கீறல்களுமாக இருந்தால் சுவர் உள்ளுக்குள் தளர்ந்திருக்கிறது என்று பொருள். அது அன்றே விழாது; மழைக்காலத்தில் விழும். முன்னீர்பள்ளம் அருகே அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் 2022 மே 14 இரவு பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள், நான்கு பேர் இறந்தார்கள். செங்குத்தாக நிற்கும் பாறைச் சுவரை நம்பி அடியில் நிற்கக் கூடாது என்பதற்கு நம் மாவட்டத்தில் வேறு சான்று வேண்டாம்.

பக்கத்தில் வீடு இருந்தால் கணக்கு மாறும். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997 வழிகாட்டுதல்படி, மெதுவான அதிர்வாக இருந்தால் சாதாரண வீட்டுக்கு நொடிக்கு 5 மில்லிமீட்டர்தான் எல்லை. பழமையான கட்டடங்களுக்கு 2 மட்டுமே. கிணற்று வெடியை யாரும் கருவி வைத்து அளப்பதில்லை. அதனால் ஊருக்குள்ளோ கோயில் மண்டபத்துக்கு அருகிலோ வெடியே வேண்டாம் என்பது என் கட்சி.

அங்கே கெமிக்கல் பவுடர் இருக்கிறது. சுண்ணாம்புச் சத்துள்ள இந்தத் தூளைத் தண்ணீரில் குழைத்துக் குழியில் ஊற்றினால் ஒரு நாள் போக்கில் ஊதிப் பெருகும். அழுத்தம் காற்றைப்போல் சில நூறு மடங்குதான். அதுவே பாறையைப் பிளக்கிறது. ஏனென்றால் கல் நசுக்குதலைத் தாங்கும் அளவுக்கு இழுவிசையைத் தாங்காது, பத்தில் ஒரு பங்கு விசைக்கே விட்டுக்கொடுக்கும். சத்தமில்லை, அதிர்வில்லை, செலவு கூடுதல், குழிகளும் நெருக்கமாக வேண்டும். ஊற்றிய குழிக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. சில சமயம் பீறிட்டுக் கண்ணைப் பறித்துவிடும்.

ஹிட்டாச்சியில் பிரேக்கர் மாட்டி உடைப்பது வாய் அகன்ற, ஆழமில்லாத கிணற்றுக்கு நல்லது. கரும்பாறையில் வாடகைதான் ஏறும். ஊற்று மட்டும் போதும் என்பவர்கள் ஆழப்படுத்தும் முன் சைடு போர் போட்டுப் பார்க்கலாம். பாறையின் இடுக்குகளில் நிற்கும் தண்ணீரை அது வெடியில்லாமலே எட்டும். கழுகுமலை வெட்டுவான் கோயிலை எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் உளியால் மட்டுமே குடைந்தார்கள் என்பதும் நினைவுக்கு வருகிறது. அவர்களுக்குக் கூலிக் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும்!

ஊரை விட்டுத் தள்ளி, வெடிப்பில்லாத கரும்பாறை என்றால் உரிமம் பெற்றவர் கையால் எமல்ஷன்; சுக்காம்பாறைக்குப் பிரேக்கர்; வீட்டருகே கெமிக்கல். வெடி என்று முடிவானால், 2008 வெடிபொருள் விதிகளின்படியான உரிமத்தையும் அனுமதிச் சான்றையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே காட்டச் சொல்லுங்கள். ‘அதெல்லாம் பாத்துக்கலாம்’ என்று மழுப்புகிறவரை, கூலி எவ்வளவு குறைத்துக் கேட்டாலும், கிணற்றுக்குள் இறக்காதீர்கள்.