சூரியகாந்தியில் பொக்கைக் குறைக்கும் வழி

சூரியகாந்தி பயிரிட்ட விவசாயிகள் பலர் அறுவடையின்போது சொல்லும் குறை ஒன்று உண்டு. "கொண்டை தாம்பாளம் போல இருக்கிறது, தூற்றினால் பாதி பொக்காகப் பறக்கிறது" என்பார்கள். விதையையும் உரத்தையும் குறை கூறுமுன், பூத்த சமயத்தில் வயலில் தேனீக்கள் இருந்தனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாம் ஒரே பூ என்று நினைக்கும் கொண்டை, உண்மையில் பல நூறு சிறு பூக்களின் தொகுப்பாகும். ஓரத்திலுள்ள மஞ்சள் இதழ்ப் பூக்களில் மணி பிடிப்பதில்லை. பூச்சிகளை அழைப்பதே அவற்றின் வேலை. தட்டிலுள்ள சிறு பூக்களே மணியாகின்றன. இவை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, வரிசை வரிசையாகச் சுமார் 5 முதல் 10 நாட்கள் வரை மலரும்.

ஒவ்வொரு சிறு பூவிலும் முதலில் மகரந்தத் தூள் வெளிப்படும். சூல்முடி பிறகுதான் விரியும். ஆகவே, வேறு பூவின் மகரந்தம் வந்து சேர வேண்டும். இத்தூள் ஒட்டும் தன்மையுடையது. காற்றில் அதிகம் பரவாது. சுமந்து செல்லத் தேனீ தேவை. தானே ஓரளவு மணி பிடிக்கும் வீரிய ஒட்டு இரகங்களிலும் தேனீ வந்தால் மகசூல் கூடும்.

செய்ய வேண்டியவை:

1. பூக்கும் தருணத்தில் ஏக்கருக்கு 2 தேனீப் பெட்டிகள் வைக்கலாம்.

2. பெட்டி இல்லாதவர்கள், காலை 9 மணி முதல் 11 மணிக்குள் அடுத்தடுத்த இரு கொண்டைகளை முகத்தோடு முகம் சேர்த்து இலேசாகத் தேய்த்துவிட வேண்டும். அல்லது உள்ளங்கையில் மெல்லிய துணியைச் சுற்றி, ஒவ்வொரு கொண்டையாகத் தடவிச் செல்லலாம். பூக்கள் மலர்ந்து முடியும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள் இதைச் செய்ய வேண்டும்.

3. பூத்த பயிருக்குப் பூச்சிமருந்து அடிப்பதைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாவிட்டால், தேனீக்கள் கூடு திரும்பிய பின் மாலையில் அடிக்க வேண்டும். அடுத்த வயல்காரரிடமும் சொல்லி வையுங்கள்; தேனீக்கு வரப்பு தெரியாது.

பொக்குக்கு மகரந்தக் குறை ஒன்றே காரணமல்ல. பூக்கும்போதும் மணி முற்றும்போதும் நீர் தட்டினாலும், போரான் சத்து குறைந்தாலும் பொக்கு விழும். இதழ்ப் பூக்கள் விரியும்போது லிட்டர் நீருக்கு 2 கிராம் போராக்ஸ் வீதம் கரைத்துக் கொண்டை மீது தெளிக்கலாம்.

நம்பிக்கை வராதவர்கள், இரண்டு வரிசையைத் தேய்த்து, இரண்டு வரிசையை அப்படியே விட்டு, அறுவடையில் தனித்தனியே எடை போட்டுப் பாருங்கள்.