தீயணைப்பு வீரரின் உடையும் அதிலுள்ள நஞ்சும்

மலையகத்தில் "லயம் எரிகிறது" என்பது புதிய செய்தியல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடியாகக் கட்டிய அறைகள் இன்னும் ஒரே கூரையின் கீழ் ஒட்டி நிற்கின்றன. மின்னொழுக்காலோ விறகடுப்பாலோ ஓர் அறை பற்றினால், தீ கூரை வழியே மற்ற அறைகளுக்கும் ஓடிவிடும். சாரமும் செருப்புமாக, வாளியோடு முதலில் ஓடிவருபவர் பக்கத்து அறைக்காரர்தான். தீயணைப்பு வண்டி நகரத்திலிருந்து வளைவு வீதிகளில் ஏறி வரவேண்டும்.

அந்த வண்டியில் வருபவரின் உடையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். இலங்கையில் தீயணைப்புப் பிரிவுகளைப் பெரும்பாலும் மாநகர சபைகளும் நகர சபைகளுமே நடத்துகின்றன. ஆகவே அது நம் வரிப்பணத்தில் வாங்கும் உடை.

தீயணைப்பு மேலங்கிக்கு மூன்று அடுக்குகள் உண்டு. வெளித்துணி சுவாலையைத் தாங்கும். நடு அடுக்கு நீரைத் தடுக்கும். உள் அடுக்கு வெப்பத்தைத் தடுக்கும். வெளித்துணியிலும் நடு அடுக்கிலும் நீர் ஒட்டாதிருக்க, பீ.எப்.ஏ.எஸ். எனப்படும் புளோரீன் சேர்வைகளைப் பல காலமாகச் சேர்த்து வந்தார்கள். காபன் – புளோரீன் பிணைப்பு எவ்வளவு வலிமையானது என்பதை இரசாயனவியல் மாணவியர் அறிவர். அந்த வலிமையால்தான் இச்சேர்வைகள் மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதைவதில்லை. உடை தேயத் தேய, சூடேற ஏற, இவை அதிகமாக வெளிவருவதை அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2022இல் தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் தொகுதியில் சேர்த்தது. புகை, கரி என அதற்குக் காரணங்கள் பல. 2023இல் பீ.எப்.ஏ.எஸ். வகைகளுள் ஒன்றான பீ.எப்.ஓ.ஏ.யும் அதே தொகுதிக்குப் போனது. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலம், இச்சேர்வைகள் சேர்த்த தீயணைப்பு உடைகளின் விற்பனையை 2027 ஜனவரி முதல் தடுக்கச் சட்டம் இயற்றியுள்ளது.

"இங்கே உடைக்கே வழியில்லை, இதில் நஞ்சில்லாத உடையா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு மேலங்கியைப் பத்து வருடம் வரை பாவிப்பார்கள். இன்று தவறாக வாங்கினால் பத்து வருடத்துக்கு அதுதான். பணக்கார நாடுகள் கழிக்கும் பழைய உடைகள் நன்கொடை என்ற பெயரில் நம்மிடம் வரவும் கூடும். இலவசம் என்பதற்காக எதையும் வாங்கிக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். தேயிலை மலைகளில் களைக்கு அடித்த பரகுவாட்டை உயிரிழப்புகள் காரணமாக 2008 முதல் படிப்படியாக நிறுத்திய நாடு இது. நம்மால் முடியாததல்ல.

ஒரு குறையையும் மறைக்கக் கூடாது. புளோரீன் இல்லாத வெளித்துணி நீரைத் தடுத்தாலும் எண்ணெயை அவ்வளவாகத் தடுப்பதில்லை. எண்ணெய் ஊறிய துணி தீப்பற்றலாம். ஆகவே விலைமனு கோரும்போது "பீ.எப்.ஏ.எஸ். சேர்க்காதது" என்று மட்டும் எழுதினால் போதாது; எண்ணெய், வெப்பச் சோதனை அறிக்கைகளையும் கேட்க வேண்டும். மலிவான விலைக்கே கொள்வனவு என்ற வழக்கம் இங்கே உதவாது. மேலதிகச் செலவைச் சிறிய நகர சபைகள் தனியே தாங்க முடியாது. மத்திய அரசும் மாகாண சபையும் பங்கு தரவேண்டும்.

புதிய உடை வரும்வரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. தீயணைத்துவிட்டு வந்த உடையை வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைகளின் உடுப்புகளோடு துவைக்கக் கூடாது. அதை நிலையத்திலேயே தனியாகக் கழுவ ஓர் இயந்திரத்துக்குச் சபை தன் பாதீட்டில் இடம் ஒதுக்கலாம்.